நாமா, நாங்களா?

மாஹிமில் ஓர் அறிஞர் அடங்கியிருக்கிறார். மக்தூம் அலி மாஹிமி 1372-இல் பிறந்து 1431-இல் மறைந்தவர். சமயச் சட்டம் கற்றவர், காஜியாக இருந்து வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர், குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதியவர். ஆண்டுதோறும் டிசம்பரில் அவருடைய தர்காவில் பத்து நாள் கந்தூரி நடக்கிறது. மும்பைக் காவல்துறையினர் சந்தனம் சுமந்து வந்து முதல் மரியாதை செய்வது நெடுங்கால வழக்கம். ராட்டினமும் அல்வாக் கடைகளும் கூட்டமுமாக அப்பகுதியே மாறிவிடும். தண்டவாளத்துக்கு அப்பால் தாராவி இருப்பதால் அக்கூட்டத்தில் தமிழும் கேட்கும். அங்கு வருவோர் அவ்விரிவுரையைப் படித்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவருக்குச் சந்தனமும் போர்வையும் போதும். உயிரோடிருக்கும் அறிஞர்களுக்கும் அதே முறையில் மரியாதை செய்துவிட்டு வீடு திரும்புவதுதான் சிக்கல்.

மாஹிம் நிலையத்தில் ஹார்பர் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கிங்ஸ் சர்க்கிள். அதுதான் மாட்டுங்கா. வடாலாவில் வண்டி மாறிக் குர்லா வழியாகச் சென்றால் செம்பூர். இன்னும் சற்றுத் தொலைவில் கோவண்டி, மான்குர்டு. அவற்றுக்குத் தெற்கே டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையமும் அணுசக்தி நகரும். மும்பைத் தமிழரின் மூன்று உலகங்களையும் ஒரே இருப்புப்பாதை இணைக்கிறது. தோல் பதனிட்டவர்களும் சிறுதொழில் செய்தவர்களும் தாராவியில். கணக்கரும் தட்டச்சரும் வங்கி அலுவலரும் மாட்டுங்காவில். அறிவியலாளரும் பொறியாளரும் செம்பூரில். இப்பிரிவினையில் சாதிக்கும் பங்குண்டு என்பதை மும்பைத் தமிழர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மூன்று உலகத்தாரும் ஓரரங்கில் கூடும் தருணம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பாராட்டு விழா.

பாராட்டு விழாவின் இலக்கணம் மாறாதது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பின்னர் ஏற்புரை. ஊரில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார், ஆசிரியர் ஒருவர் கை கொடுத்தார், உதவித்தொகை கிடைத்தது, தாதரில் வந்து இறங்கியபோது இந்தி தெரியாது, படிப்படியாக உயர்ந்தார். அரங்கம் கைதட்டும். கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தால், இளைய தலைமுறைக்குத் தாங்கள் கூற விரும்பும் அறிவுரை யாது என்று ஒரு மாணவர் கேட்பார். உழைப்பு, நேர்மை, தாய்மொழிப் பற்று என்று விடை வரும். நாட்டுப்பண்.

இவ்வுரைகளில் பொய் எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு உண்மை; உதவித்தொகையும் உண்மை. ஆனால் கதை எப்போதும் பதவி கிடைத்த நாளோடு நின்றுவிடுகிறது. அந்தப் பதவியில் அமர்ந்து அவர் என்ன முடிவெடுத்தார், எதை எதிர்த்தார், எதற்குத் தலையசைத்தார், எந்த இடத்தில் தவறினார், நாட்டின் அரசியலும் உலகின் போக்கும் மாறியபோது எந்தப் பக்கம் நின்றார் என்பவை ஏற்புரையில் இடம்பெறுவதில்லை. கேட்பதும் நாகரிகம் அன்று. ஏறிய படிகளின் கணக்கு துல்லியமாகத் தரப்படுகிறது. ஏறி நின்றபின் அவர் கண்டது என்ன என்பது விடுபடுகிறது.

இந்த மௌனத்துக்கு மும்பையில் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அதை மறந்துவிட்டுப் பாராட்டு விழாவை நையாண்டி செய்வது எளிது, நியாயமாகாது. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், நகரின் நிறுவனங்களில் பணிபுரிந்த அலுவலர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. பட்டியலில் நிறைந்திருந்தவை தென்னிந்தியப் பெயர்கள். 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. 'மதராஸி' என்பது வசைச்சொல்லாயிற்று. ஒருவர் வகிக்கும் பதவியே அவர்மீது சாட்டப்படும் குற்றமாக அச்சிடப்பட்ட நகரில், அச்சமூகம் தன் சாதனையாளர்களை அரசியல் கலவாத நல்லவர்களாக மட்டுமே காட்ட விரும்பியதில் வியப்பில்லை. பதவிக்கு உரியவர்கள்தாம், திறமையால் வந்தவர்கள்தாம், எவர் வாயிலும் மண் போடாதவர்கள் என்று மெய்ப்பிக்கும் கட்டாயம் அன்று இருந்தது. மண்ணெண்ணெய் விளக்குக் கதை அத்தகைய ஒரு சான்றிதழ். ஆனால் சான்றிதழ் கேட்டவர்கள் ஓய்ந்தபின்னும் அதே சான்றிதழை நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்பதற்கு அந்தக் காரணம் விடையாகாது.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதை அறிய டிராம்பேயையே எடுத்துக்கொள்ளலாம்.

பி.கே. ஐயங்கார், ஆர். சிதம்பரம் ஆகிய இருவரும் தமிழர், இருவரும் இயற்பியலாளர், இருவரும் டிராம்பேயில் வளர்ந்து அதன் இயக்குநராகவும், பின்னர் அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர்கள். ஐயங்கார் 1990 முதல் 1993 வரை ஆணையத்தை நடத்தினார். அவருக்குப்பின் அப்பொறுப்பு சிதம்பரத்துக்கு வந்து 2000 வரை நீடித்தது. ஐயங்கார் இளமையில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸோடு நியூட்ரான் சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர். அத்துறைப் பணிக்காகப் பிராக்ஹவுஸ் 1994-இல் நோபல் பரிசு பெற்றார். சிதம்பரம் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று 1962-இல் டிராம்பேயில் சேர்ந்த படிகவியலாளர். 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்த முதல் வெடிப்பில் இருவருக்கும் முதன்மையான பங்குண்டு. 1998 மே மாதச் சோதனைகளை ஆணையத் தலைவராக முன்னின்று நடத்தியவர் சிதம்பரம். அந்நாள்களில் பாலைவனத்தில் அவருக்கு இராணுவச் சீருடையும் 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்' என்ற புனைபெயரும் இருந்தன.

பாராட்டு விழாவுக்கு இது போதும். இருவர் படங்களையும் அருகருகே மாட்டிவிடலாம். ஆனால் இருவரும் உடன்படவில்லை. அவர்கள் முரண்பட்டது எளிய செய்தியிலும் அன்று.

1998 மே 11 அன்று வெடித்த சாதனங்களுள் ஒன்று ஹைட்ரஜன் குண்டு வகையைச் சார்ந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 45 கிலோடன் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அணுப் பிணைவு எரிபொருள் முழுமையாக எரியவில்லை என்பது ஐயங்காரின் மதிப்பீடு. 2000-ஆம் ஆண்டிலேயே அதை அவர் பொதுவெளியில் எழுதினார். 2009 ஆகஸ்டில், அச்சோதனைகளில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் சார்பில் பணிகளை ஒருங்கிணைத்த கே. சந்தானம், அந்தச் சாதனம் எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அதற்கடுத்த மாதம் சிதம்பரமும் அனில் ககோட்கரும் செய்தியாளர்களைச் சந்தித்து அதை மறுத்தனர். நில அதிர்வுப் பதிவுகளையும், வெடித்த இடத்தைத் துளைத்து எடுத்த மாதிரிகளின் கதிரியக்க ஆய்வையும் சான்றாகக் காட்டினர்.

இது ஆய்வகத்துக்குள் முடியும் தகராறு போலத் தோன்றும். உண்மையில் நாட்டின் வெளியுறவுக் கொள்கையே அதன்மேல் நின்றது. சோதனை வெற்றி எனில், இனிச் சோதனை தேவையில்லை. கையிலுள்ள தரவுகளும் கணினிப் பாவனையும் போதும். அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் செய்துகொள்வதில் இழப்பு எதுவும் இல்லை. சோதனை அரைகுறை எனில், மீண்டும் சோதிக்கும் உரிமையை விட்டுத்தர இயலாது. ஒப்பந்தம் கையைக் கட்டிவிடும். முதலாவது சிதம்பரத்தின் நிலை. அப்போது அவர் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். இரண்டாவது ஐயங்காரின் நிலை. 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் கூட்டறிக்கை வெளியிட்டனர். 2006 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற மூத்த அணு அறிவியலாளர் சிலர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வெளிப்படையான வேண்டுகோள் விடுத்தனர். கையெழுத்திட்டோரில் ஹோமி சேத்னா, எம்.ஆர். சீனிவாசன், ஐயங்கார் என அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர்கள் மூவர். அதே மாதத்தில் பிரதமர் மாநிலங்களவையில் விரிவாக விடையளிக்க வேண்டியதாயிற்று. 2008-இல் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதும், நம்பிக்கை வாக்கெடுப்பும், அவ்வாண்டு அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அனைவரும் அறிந்தவை.

ஒரே நிறுவனத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பழகிய இரு தமிழர்கள், நாட்டின் தலையாய கேள்வி ஒன்றில், சான்றுகளோடு, பொதுவெளியில் மோதிக்கொண்டனர். தமிழ்ச் சமூகத்துக்கு இதைவிடச் செறிவான பாடம் எது? ஆயினும் இவ்விவாதம் நடந்த மொழி ஆங்கிலம். நடந்த களம் ஆங்கில நாளிதழ்களும் தில்லியின் கருத்தரங்குகளும். சிதம்பரத்தின் நினைவுக் குறிப்புகளும் சுரேஷ் கங்கோத்ராவோடு இணைந்து எழுதப்பட்டு 2023-இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்', நெ.து. சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்' ஆகியவற்றைக் கொண்ட மொழி இது. தன்வரலாறு எழுதத் தெரியாத மொழி என்று எவரும் குறை சொல்ல முடியாது.

அறிவியலுக்கு ஆங்கிலம்தானே இயல்பு என்று கேட்கலாம். நியூட்ரான் சிதறலுக்கு ஆகலாம். பொறுப்பைப் பற்றிப் பேசும்போது தமிழுக்கு ஒரு வசதி உண்டு. அது இலக்கணத்திலேயே அமைந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் 'வீ' என்ற ஒரே சொல். 'வீ டெஸ்டட்' என்று ஓர் அறிவியலாளர் எழுதினால், சோதித்தது யார்? டிராம்பேயின் குழுவா, அணுசக்தி ஆணையமா, அமைச்சரவையா, நூறு கோடி மக்களா? அவர் விளக்க வேண்டியதில்லை. சொல் எல்லோரையும் அணைத்துக்கொள்ளும். தமிழில் அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 'நாங்கள் சோதித்தோம்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார்; பொறுப்பு பேசுபவரின் குழுவைச் சாரும். 'நாம் சோதித்தோம்' என்றால் கேட்பவரும் உள்ளே இழுக்கப்படுகிறார். அப்போது அவருக்கு ஓர் உரிமை பிறக்கிறது. என்னைக் கேட்டீர்களா என்று அவர் வினவலாம். இலக்கணிகள் உளப்பாட்டுத் தன்மை என்று பெயரிட்ட இந்த வேறுபாடு, பண்டைத் தமிழில் யாம், நாம் என்ற வடிவிலேயே இருந்தது. மேடைப் பேச்சில் 'நாம்' அளவுமீறிப் புழங்குவதும், எல்லா வட்டாரத்திலும் எல்லைக்கோடு ஒரேபோல் இராததும் உண்மைதான். ஆனாலும் நேருக்கு நேர் அமர்ந்து பேசுகையில் தமிழர் எவரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. (மராத்தியிலும் ஆம்ஹி, ஆபண் என இதே வேறுபாடு உண்டு, இந்தியின் 'ஹம்' அதை அறியாது. 1966-இல் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு மொழிகளுக்கும் இந்த நுட்பம் பொதுவாக அமைந்திருப்பதை இந்நகரம் கவனித்ததாகத் தெரியவில்லை.)

மற்றொன்று செயப்பாட்டு வினை. 'முடிவெடுக்கப்பட்டது', 'கருதப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது' ஆகியவை அலுவலகத் தமிழின் அடையாளங்கள். பேச்சில் இவை அரிது. வீட்டில் எவரும் 'சோறு உண்ணப்பட்டது' என்பதில்லை. ஓய்வுபெற்ற உயர் அலுவலர்களின் ஏற்புரைகளைக் கூர்ந்து கேட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். படித்தேன், உழைத்தேன், வென்றேன் என்று செய்வினையில் ஓடும் உரை, பதவிக்காலத்தை அடைந்ததும் செயப்பாட்டுக்கு மாறிவிடுகிறது. எழுவாய் மறைந்துபோகிறது. ஒரு மாணவர் எழுந்து, முடிவெடுத்தது யார் ஐயா என்று பேச்சுத் தமிழில் மரியாதையோடு கேட்டால், அந்த எழுவாயை மீட்காமல் விடை சொல்ல இயலாது.

தமிழில் இக்கேள்வி கேட்கப்பட்டதே இல்லை என்றும் கூற முடியாது. ஒருமுறை உரக்கவே கேட்கப்பட்டது; ஆனால் கேட்டவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப்பின் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மீனவ மக்கள் பட்டினிப் போராட்டத்தில் அமர்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அப்துல் கலாம் நிலையத்தைப் பார்வையிட்டு, அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். அப்பகுதியின் வளர்ச்சிக்குப் பத்து அம்சத் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். தமிழகம் அவரைப்போல் நேசித்த அறிவியலாளர் வேறொருவர் இல்லை. அவருடைய 'அக்னிச் சிறகுகள்' இல்லாத பள்ளி நூலகம் அரிது. ஆயினும் அம்மக்கள் அவர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. பாதுகாப்பானது என்பது யாருக்கு, யார் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டனர். அவர்கள் கருத்து முழுவதும் சரியா என்பது தனி விவாதம். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி அளித்தது, அவ்வாண்டு ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. இங்கே முக்கியமானது, அறிஞர் ஒருவரின் தீர்ப்பைத் தமிழில், அவர் புகழுக்கு அஞ்சாமல், குறுக்கு விசாரணை செய்ய முடியும் என்பதை அவர்கள் காட்டியது. அதற்காக அவர்கள்மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

கூடங்குளம் மும்பைக்குத் தொலைவான ஊர் அன்று. அந்நிலையத்தைக் கட்டி நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. கூடங்குளமோ திருநெல்வேலி மாவட்டம். தாராவித் தமிழரில் மிகப் பலருக்குச் சொந்த ஊர் அதே மாவட்டம். திட்டம் தீட்டும் மேசையும், அத்திட்டம் இறங்கும் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரின் குடியிருப்பும் ஒரே ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளி இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பேச்சு நடந்ததுண்டா? பாராட்டு விழாவில் ஒரே பந்தியில் உண்டிருக்கலாம்.

மூத்தோரைச் சங்கடப்படுத்துவது பண்பாகுமா, அவர்கள் இரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்தவர்கள் அல்லவா என்று ஒரு மறுப்பு எழும். அவர்கள் பணியாற்றிய காலத்தில் இருந்த 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் கடுமையானது. அதை மீறச் சொல்வது எவர் நோக்கமும் அன்று. குண்டின் வடிவமைப்பை எவரும் கேட்கவில்லை. ஒரு முடிவை எடுக்கும்போது எதை எண்ணினீர்கள், இன்று எவ்வாறு எண்ணுகிறீர்கள், உங்கள் நண்பர் மாறுபட்டபோது அவர் வாதத்தில் எது உங்களை உறுத்தியது என்பவை இரகசியங்கள் அல்ல. ஐயங்கார் இரகசியம் எதையும் வெளியிடாமலேயே பதினோர் ஆண்டுகள் வாதிட்டார்.

உண்மையான தடை வேறு. வாய் திறப்பது ஓய்வுக்குப் பிறகுதான் என்பது அறிவுலகின் எழுதா விதியாகிவிட்டது. ஐயங்காரின் மாறுபாடும் பதவி விலகிய பின் வந்ததே. 1974 வெடிப்பை 'அமைதி வழி அணு வெடிப்பு' என்று அரசு அழைத்தது. அது குண்டுதான் என்று ராஜா ராமண்ணா 1997-இல்தான் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இடையே இருபத்துமூன்று ஆண்டுகள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பை 1968-இல் விட்ட ராபர்ட் மெக்னமாரா, வியட்நாமில் தவறிழைத்துவிட்டதாக 1995-இல் நூல் எழுதினார். அதை யாருக்காக எழுதினார் என்று கேட்கத் தோன்றும், மாண்டவர்கள் படிக்கப்போவதில்லை. ஜோசப் ராட்பிளாட் விதிவிலக்கு. ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944 இறுதியில், பணி நடந்துகொண்டிருக்கும்போதே, மன்ஹாட்டன் திட்டத்தை விட்டு வெளியேறினார். பின்னர் பக்வாஷ் மாநாடுகளை வளர்த்து, 1995-இல் அமைதி நோபல் பெற்றார். அவரைப் போல் எல்லோராலும் இயலாது. ஆயினும் அவரையும் மெக்னமாராவையும் ஒரே தட்டில் வைத்து 'மனம் திறந்த மாமனிதர்கள்' என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

ஓய்வுக்குப் பின்னும் இப்போது வாசல் குறுகிவருகிறது. 2021 மே 31 அன்று மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணிபுரிந்தவர்கள், அவ்வமைப்பின் பணி தொடர்பாக எழுதவோ பேசவோ முன்னனுமதி பெற வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் அந்த அட்டவணையில் இருக்கிறது. சந்தானம் பேசிய ஆண்டு 2009. இன்று அவர் நிலையில் உள்ள ஒருவர் முதலில் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.

ஐயங்காரை மாவீரராக்கிவிடும் ஆசையையும் இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். அவர் அரசை எதிர்த்தது குண்டு கூடாது என்பதற்காக அன்று. குண்டு இன்னும் தேர்ந்ததாக வேண்டும், அதற்குச் சோதனை உரிமை வேண்டும் என்பதற்காக. குண்டே வேண்டாம் என்ற இந்திய அறிவியலாளர்களும் 1998-இல் இருந்தனர். அவர்கள் எந்தத் தலைவர் பதவிக்கும் வந்தவர்கள் அல்லர், ஆகவே எந்த விழாவுக்கும் அழைக்கப்படுவதில்லை. சிதம்பரத்தை அரசின் குரல் என்று ஒதுக்குவதும் தவறு. தன் சான்றுகளைச் செய்தியாளர் முன் வைத்து மறுப்புரைக்க அவர் தயங்கவில்லை. யார் சரி என்பதைவிட, இருவரும் இருந்த நகரில், அவர்கள் தாய்மொழியில், இருவரையும் எதிரெதிரே அமர்த்தி உரையாட வைக்க ஒரு தமிழ் அமைப்போ ஒரு துறையோ முனைந்திருந்தால் எத்தகைய ஆவணம் கிடைத்திருக்கும் என்பதே நெஞ்சை அரிக்கும் கேள்வி. ஐயங்கார் 2011 டிசம்பர் 21 அன்று மறைந்தார். சிதம்பரம் 2025 ஜனவரி 4 அன்று. அவ்வேண்டுகோளில் கையெழுத்திட்ட சீனிவாசன் அதே ஆண்டு மே மாதம் உதகமண்டலத்தில் காலமானார். சேத்னாவும் கலாமும் முன்பே போய்விட்டனர்.

கேட்கும் கலை மும்பையில் இல்லாமற்போகவில்லை. அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி 1988-இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு தொடங்கிய 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகம், பெண்களின் வாழ்வை அவர்கள் சொற்களிலேயே ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்துவருகிறது. பொன்னாடைக்கு அங்கு வேலையில்லை. பேசுபவர் தயங்கும் இடமும் மௌனம் காக்கும் இடமும் ஆவணத்தின் பகுதிகளாகின்றன. 2021-இல் அம்பைக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது தமிழ் ஊடகங்கள் அவருடைய சிறுகதைகளைப் பேசின, அது சரியே. இத்தனை ஆண்டுகளாக அவர் நடத்திவரும் காப்பகத்தின் வழிமுறையைத் தமிழ்த் துறைகள் பாடமாக வைத்திருக்கலாம்.

செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் எண்பதைக் கடந்த தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயக்குநர்கள் மட்டுமல்லர், வரைவாளர், உலை இயக்குநர், கண்ணாடி ஊதுபவர், ஓட்டுநர், உணவகப் பணியாளர். தாராவியில், 1960-களின் பட்டியல்களையும் கல்லெறிகளையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் போரைப் பற்றியும் வளைகுடா வேலையைப் பற்றியும் தோல் ஏற்றுமதி சரிந்ததைப் பற்றியும் அவர்களுக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. உலக விவகாரம் என்பது தில்லிக் கருத்தரங்கில் மட்டும் பேசப்படுவதன்று. முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி நூலகத்தில் ஓராண்டு அலைவதைவிட, கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுத் திண்ணையில் பத்து மாலைகள் அமரலாம். மேற்பார்வையாளர்கள் அதை ஆய்வாக ஏற்க வேண்டும். பல துறைகளில் இன்னும் ஏற்பதில்லை.

ஓய்வூதியத்துக்கு அஞ்சுவோருக்கும் வழியுண்டு. வாய்மொழி வரலாற்றுக் காப்பகங்களில், பேசியவர் குறிக்கும் காலம்வரை பதிவை மூடி வைக்கும் ஏற்பாடு உலகெங்கும் உள்ளது. பத்தாண்டு, இருபதாண்டு, அல்லது தம் ஆயுட்காலம் வரை என அவரே எழுதித் தரலாம். அத்தகைய ஒப்புதல் படிவம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதை எழுதிவைத்து, மாணவர் கையில் கொடுத்து அனுப்ப ஒரு துறைக்கு ஒரு பிற்பகல் போதும்.